ஊசிமெட்டு இறக்கம்

போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் சந்திரவல்லி ஊசிமெட்டு என்ற மலைக்கணவாய்க்குப் பாதை கேட்டாள். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "அப்பிடி ஒரு மெட்டே கெடையாதே" என்றார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கி, "இருந்துச்சு. காடு மூடிப் பல வருசமாச்சு" என்றார். சொன்ன பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க எந்த ஆபீசுலேருந்து வர்றீக?" என்று பெரியவர் கேட்டார்.

"ஆபீஸ் இல்லைங்க. மதுரையில பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கேன். பூகோளம் நடத்துறேன்."

"பூகோளமா?" அவர் பேப்பரை மடித்தார். "இந்த மேப்பு, சர்வே, எல்லைக்கல்லு, அதெல்லாம் அதுலதான வரும்?"

சந்திரவல்லி சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாள். அப்படிச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரும் அவளிடம் வாய் திறக்கவில்லை. மலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஜீப்பிலும் அதே கதைதான். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்து, மடியில் வைத்திருந்த திசைகாட்டிப் பெட்டியைத் திறந்து பார்த்ததும் பேச்சு நின்றது. தார்ரோட்டு மெட்டு வந்து சேரும்வரை என்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அது 1981, பொங்கல் விடுமுறை. சந்திரவல்லிக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தாள். பொம்பளை தனியாக மலையில் நடப்பதா என்று அண்ணன் போட்ட சண்டையைத் தாண்டித்தான் கிளம்பி வந்திருந்தாள். காரணம் ஒரு பழைய பயணம். நூறு வருஷத்துக்கு முன்னால், தாது வருஷப் பஞ்சத்தின்போது ஹார்ட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சிப்பாய்களும் சுமைகாரர்களுமாக ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு போடியிலிருந்து மலை ஏறினார். மேற்குக் கடற்கரையில் இறங்கும் அரிசியைப் பொதிமாட்டில் கொண்டுவர ஒரு வழி கண்டுபிடிப்பது அவர் வேலை. ஏறிய வழி இன்று தார்ரோடாகிவிட்டது. திரும்பி வந்த வழிதான் யாருக்கும் தெரியாது.

திரும்பும்போது மலைமேல் மாயாண்டி என்று ஒரு ஆளை வழிகாட்டப் பிடித்தார்கள். ஊசிமெட்டுக்குக் கீழே ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில் அவன் எல்லோரையும் இடது பக்கம் திருப்பினான். தண்ணீரே இல்லாத பாறைச் சரிவு அது. சுமைகாரர்களில் சிலர் அங்கேயே செத்துப் போனார்கள். ஒரு காலையில் பார்த்தால் மாயாண்டியைக் காணோம். மிஞ்சியவர்கள் எப்படியோ உருண்டு புரண்டு தேவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஹார்ட்டன் பின்னாளில் அச்சிட்ட புத்தகத்தில், வழி தெரிந்தே கெடுத்தவன் என்று மாயாண்டியைத் திட்டித் தீர்த்திருந்தார். அந்த மலையில் தலையாட்டிச் சிரிக்கிறவன் எவனையும் நம்பாதே என்று ஒரு வரி. கல்லூரியில் படிக்கும்போது நூலகத்தில் அதைப் படித்த நாளிலிருந்து சந்திரவல்லிக்கு அந்த ஓடைப் பிரிவைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. ஹார்ட்டன் போன இடது பக்கத்தையும், போயிருக்க வேண்டிய வலது பக்கத்தையும் நேரில் பார்த்து ஒரு பத்திரிகையில் எழுத நினைத்தாள்.

கூட வேலை பார்க்கும் ஒரு டீச்சரின் சித்தப்பாவுக்குத் தார்ரோட்டு மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் இருந்தது. அங்கேதான் தங்கினாள். தோட்டத்துக் கங்காணி கன்னையன் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஐம்பது வயதிருக்கும், எல்லைப் பக்கமே வாழ்ந்தவர் என்பதால் பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. சாப்பிடும்போது ஹார்ட்டனின் கதையை அவரிடம் சொன்னாள். அவர் உம் கொட்டிக் கேட்டுவிட்டு, "அந்தத் தொரை எங்கன தண்ணி குடிச்சாருன்னு புஸ்தகத்துல எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

"கீழ வர்ற வரைக்கும் தண்ணியே கிடைக்கலையாம்."

"கெடைக்கலையா? செரி, செரி. அப்ப குழப்பமில்லே."

எதற்குக் குழப்பமில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. வரைபடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டு வாங்கியவர், அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

காலையில் துணைக்கு ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். பெயர் குருவம்மாள். காய் எடுக்கிற வேலை. மகளைக் கட்டிக்கொடுத்த தேவாரத்துக்கு அடிக்கடி நடந்தே இறங்குகிறவள். தலையில் சும்மாடு, வாயில் வெற்றிலை, கையில் ஒரு கம்பு. ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் கன்னையன் அவளிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். சந்திரவல்லி முகம் கழுவ அந்தப் பக்கம் வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். குருவம்மாள் அவளைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தாள்.

ஊசிமெட்டு வரைக்கும் நடை சுகமாக இருந்தது. நிழல் மரங்களுக்கு அடியில் ஏலச்செடி தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. ஈர இலை தோளில் உரசிக்கொண்டே வந்தது. மெட்டில் ஏறி நின்றபோது கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி மூடியிருந்தது. காற்று சேலையைப் பிடுங்கியது. சந்திரவல்லி போட்டோ எடுத்தாள். குருவம்மாள் தன் முகம் படத்தில் விழாதபடி ஒவ்வொரு தடவையும் ஒதுங்கிக்கொண்டாள்.

"ஏன்க்கா, நில்லுங்களேன் ஒரு படத்துக்கு."

"எனக்கு எதுக்கு ஆத்தா படம்? யாரு பாக்கப் போறா?"

இறங்க ஆரம்பித்த பிறகு குருவம்மாள் ஓயாமல் பேசினாள். மகள் மாமியாரோடு சண்டை, மருமகன் குடி, தேவாரத்தில் யானை புகுந்து கரும்பைத் தின்றது என்று ஒன்று மாற்றி ஒன்று. சந்திரவல்லி நின்று பார்க்க நினைக்கும் இடத்திலெல்லாம் பேச்சோடு பேச்சாகக் கையைப் பிடித்து நடக்க வைத்தாள். சரிவில் ஒரு பாறை இடுக்கில் பீடித்துண்டு கிடந்தது. பனியில் நனையாத துண்டு. மூடிப்போன பாதையில் யார் வந்து பீடி குடித்தார்கள்? கேட்க வாயெடுத்து, சந்திரவல்லி நிறுத்திக்கொண்டாள். கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஓடை பிரியும் இடம் புத்தகத்தில் எழுதியிருந்தது போலவே இருந்தது. நடுவில் யானை முதுகு மாதிரி ஒரு கரும்பாறை. இடது பக்கம் வெயிலில் வெளுத்த கல். வலது பக்கம் அடர்ந்த காடு, உள்ளே தண்ணீர் விழும் சத்தம். இங்கே நின்ற எவனும் வலது பக்கம்தான் திரும்புவான். சந்திரவல்லிக்கு மாயாண்டியின் மேல் நேற்று நடந்தது போலக் கோபம் வந்தது.

"வலது பக்கம் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துட்டு, அப்புறம் இடது பக்கம் இறங்கலாம்க்கா" என்றாள்.

"அங்கிட்டு வேணாம் டீச்சரம்மா. ஆனை நிக்கிது."

"எப்படித் தெரியும்?"

குருவம்மாள் கம்பால் காட்டினாள். பாதையோரம் யானை லத்தி கிடந்தது. "இப்பத்தான் போட்டிருக்கு, பாருங்க. வெரசா நடங்க."

சந்திரவல்லி குனிந்து ஒரு குச்சியால் கிளறினாள். உமியாக உதிர்ந்தது. உள்ளே எறும்பு புற்று வைத்திருந்தது. அவளுக்குக் காடு தெரியாது. ஆனால் காய்ந்தது எது, ஈரம் எது என்று தெரியும். நிமிர்ந்து பார்த்தாள். குருவம்மாள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு வெற்றிலையை மென்றாள்.

அப்போது காற்று திரும்பியது. வலது பக்கக் காட்டிலிருந்து புகை வாடை வந்தது. பாத்திரம் உருளுவது போல ஒரு சத்தமும் கேட்டது. யானை பாத்திரம் தேய்க்காது. கஞ்சாத் தோட்டமாக இருக்கும் என்று நினைத்தாள். மலையில் அது நடப்பதாகப் பேப்பரில் படித்திருந்தாள். கன்னையனுக்கும் பங்கு இருக்கும். அதனால்தான் அந்தக் குசுகுசுப்பு. தன்னை இடது பக்கப் பாறையில் இறக்கிவிட்டு இவளும் மாயாண்டி மாதிரி நழுவிவிட்டால்? பயத்தில் அவள் புத்தி கூர்மையாகிவிட்டது போல அவளுக்குப் பட்டது. இவளை நம்பி இறங்குவதைவிட, வலது பக்கம் என்ன இருக்கிறது என்று தானே பார்த்துவிடுவது மேல்.

"அக்கா, கொஞ்சம் இருங்க. ஒதுங்கிட்டு வந்துர்றேன்."

பையைக் குருவம்மாளிடம் கொடுத்தாள். காமிராவையும் வரைபடத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு கரும்பாறைக்குப் பின்னால் போனாள். அப்படியே வலது பக்கம் காட்டுக்குள் இறங்கினாள்.

பாதை இருந்தது. மூடிய பாதை இல்லை. தினமும் கால் படும் பாதை. வேரைப் படியாக வெட்டியிருந்தார்கள். பத்து எட்டு வைப்பதற்குள் மேலே குருவம்மாள் கூப்பிடும் குரல் கேட்டது. சந்திரவல்லி வேகமாக இறங்கினாள். பாசி பிடித்த ஒரு பாறையில் கால் வழுக்கியது. விழுந்தபோது கணுக்காலுக்குள் ஏதோ பிரிவது போல இருந்தது. எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை.

செடிகளை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். கையில் அரிவாள். முப்பது வயதுக்காரன், ஏலக்காய்ப் பிசுக்கில் கறுத்த விரல்கள்.

"கூட எத்தனை பேரு?" என்று கேட்டான். யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"யாருமில்ல. ஒரு அம்மா மேல நிக்கிறாங்க."

"ஜீப்பு எங்கன நிக்கிது?"

"ஜீப் இல்ல. நான் டீச்சர்."

"டீச்சருக்கு மேப்பு எதுக்கு?" வரைபடத்தை வாங்கி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டான். பிறகு காமிராவைப் பிடுங்கி, பின்பக்கத்தைத் திறந்து, பிலிமை நாடா மாதிரி வெளியே இழுத்தான். வெயிலில் அது சுருண்டு தொங்கியது. ஊசிமெட்டில் எடுத்த படங்கள் எல்லாம் போயிற்று. சந்திரவல்லிக்கு அழுகை வந்தது. வலியால் வந்த அழுகை என்று அவன் நினைத்திருப்பான். அரிவாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கினான்.

காட்டுக்குள் ஒரு குழிவான இடம். மேலேயிருந்து பார்த்தால் மரக்கூட்டம்தான் தெரியும். அடியில் ஏலச்செடி வரிசையாக நின்றது. ஓலைக் குடிசைகள் சில. சாக்கில் காய் காய்ந்தது. கஞ்சா எதுவும் கண்ணில் படவில்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. குடிசைகளிலிருந்து வந்தவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

குருவம்மாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். வந்ததும் முதலில் அவனைத்தான் ஏசினாள். "ஏண்டா ஜக்கையா, பொம்பளைகிட்ட அரிவாளத் தூக்கிட்டா நிப்ப?" அவன் அவளுடைய உடன்பிறந்த தம்பி என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு சந்திரவல்லியிடம் திரும்பினாள். "ஒதுங்கிட்டு வர்றேன்னு பொய் சொல்லிட்டுப் போனீகளே டீச்சரம்மா."

"ஆனை நிக்கிதுன்னு நீங்க சொன்னது?"

குருவம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு உட்கார்ந்தாள்.

ஜக்கையனின் மனைவி ராக்கு புளியும் உப்பும் கொதிக்க வைத்து வீங்கின காலில் பத்துப் போட்டாள். அவள் போடும்போது கேட்டதும் கேட்காததுமாகச் சொன்ன விஷயங்களிலிருந்து சந்திரவல்லிக்குப் புரிந்தது. இவர்கள் எல்லோரும் மேலே ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர்கள். தோட்டம் கைமாறியபோது வேலை போயிற்று. தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீடும் போயிற்று. ஊரில் நிலம் இல்லை. காட்டிலாகாவுக்குச் சொந்தமான இந்தக் குழியில் வந்து செடி வைத்தார்கள். காயைக் கன்னையன் வாங்கித் தோட்டத்துக் காயோடு கலந்து போடிக்கு அனுப்பினார். மேப்போடு ஒரு அம்மா வந்திருக்கிறார்கள், ஓடைக்கு வலப்பக்கம் விடாதே என்று அவர்தான் குருவம்மாளிடம் சொல்லியிருந்தார்.

"இந்த எடத்துக்கு என்ன பேரு?" என்று சந்திரவல்லி கேட்டாள்.

"பஞ்சக்குழி" என்றாள் ராக்கு. "தாது வருசப் பஞ்சத்துல கீழேருந்து சனங்க வெதத் தானியத்தத் தூக்கிக்கிட்டு வந்து இங்கனதான் ஒளிஞ்சு கெடந்தாகளாம். அப்ப ஒரு வெள்ளைக்காரன் பட்டாளத்தோட வந்தானாம். இங்கிட்டு வந்தா எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிருவான்னு, எங்காளு ஒருத்தன் அந்தப் பாறைப் பக்கம் இழுத்துட்டுப் போயிட்டான்."

சந்திரவல்லி எழுந்து உட்கார்ந்தாள். "அவன் பேரு மாயாண்டியா?"

"இல்லக்கா. மொக்கையன்."

"புத்தகத்துல மாயாண்டின்னு இருக்கு."

"வெள்ளைக்காரன்கிட்ட நெசப்பேரச் சொல்லுவானாக்கும்?" ராக்கு துணியை இறுக்கிக் கட்டினாள்.

சந்திரவல்லிக்கு நேற்று ராத்திரி கன்னையனிடம் கதை முழுவதையும் தானே சொன்னது ஞாபகம் வந்தது. காலைக்குள் இங்கே சேதி வந்திருக்கலாம். தன்னை இளக்குவதற்காக இவள் கட்டிச் சொல்கிறாளோ என்று தோன்றியது. ஆனால் கட்டிச் சொல்கிறவள் ஏன் பெயரை மாற்ற வேண்டும்?

"அவன் கூட்டிட்டுப் போனதுல சுமை தூக்கினவங்க செத்துப்போனாங்க, தெரியுமா? அவங்களும் பஞ்சத்துல வேலைக்கு வந்தவங்கதான்."

"தெரியும். செத்துத்தான் போனாக." ராக்கு அவள் முகத்தைப் பார்த்தாள். "இங்க வந்திருந்தா இங்க இருந்தவக செத்திருப்பாக. அவன் என்ன செய்வான், சொல்லுங்க."

அந்தப் புத்தகத்தை அத்தனை தடவை படித்தவளுக்கு, வலது பக்கம் யார் இருந்திருப்பார்கள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

வெளியே ஜக்கையன் குரல் உயர்ந்தது. "இவகள இன்னைக்கு விட்டா நாளைக்கு ஜீப்பு வந்து நிக்கும்."

"விடாம? வச்சு வேளாவேளைக்குச் சோறு போடப் போறியா?" என்றாள் குருவம்மாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சந்திரவல்லி உள்ளேயிருந்து சொன்னாள். "இந்த இடத்தை எழுதவும் மாட்டேன்."

ஜக்கையன் வாசலில் குனிந்து அவளைப் பார்த்தான். "எழுதுறவுக எழுதத்தான் செய்வீக" என்றான்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நடக்க முடியாதவளை மறுபடி மேலே ஏற்ற முடியாது. ஓடையோடு இறங்கினால் தேவாரத்துக்கு வந்துவிடலாம். ஆனால் பாதையை அவள் பார்க்கக் கூடாது. கண்ணைக் கட்டித்தான் கொண்டுபோவேன் என்றான் ஜக்கையன். சந்திரவல்லிக்கு அவமானமாக இருந்தது. திருடியைப் போலவா? பிறகு, பொய் சொல்லிவிட்டு இறங்கி வந்தது தான்தானே என்று நினைத்துக்கொண்டு சரி என்றாள். குருவம்மாள் தன் சும்மாட்டுத் துணியையே உதறி அவள் கண்ணில் கட்டினாள். வெற்றிலையும் தேங்காயெண்ணெயும் கலந்து மணத்தது.

ஜக்கையன் அவளை முதுகில் தூக்கிக்கொண்டான். பழைய சேலை ஒன்றால் இருவரையும் சேர்த்துக் கட்டினார்கள். யாரென்றே தெரியாத ஆணின் முதுகில் ஒட்டிக்கொண்டு போவது கூச்சமாக இருந்தது. முதல் இறக்கத்தில் அவன் கால் தடுமாறியதும் கூச்சம் போய்ப் பயம் வந்தது. பிறகு அதுவும் போயிற்று. காதால் பார்க்க ஆரம்பித்தாள். இடது பக்கம் தண்ணீர் கூடவே வந்தது. ஓரிடத்தில் அதைத் தாண்டினார்கள். குளிர் முகத்தில் அடித்தது. பிறகு தண்ணீர் சத்தம் வலது பக்கம் போனது. வெயில் வலது கன்னத்தில் பட்டால் தெற்கே போகிறோம், நெற்றியில் பட்டால்...

"எண்ணுறீகளா?" என்று ஜக்கையன் கேட்டான்.

"என்னது?"

"திருப்பத்த மனசுல குறிச்சுக்கிட்டு வர்றீகளான்னு கேட்டேன்."

"இல்ல" என்றாள்.

அவன் அவளை முதுகில் ஒருமுறை ஏற்றிச் சரிசெய்துகொண்டு நடந்தான். அவளுக்கு முகம் சுட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கதோஷம். ஆனால் கண்ணைக் கட்டிய பிறகும் அவள் தலைக்குள் வரைபடம் வரைந்துகொண்டுதான் இருந்தாள். அவனுக்கு அது தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு, பாதையைக் கவனிக்காமல் இருக்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கட்டை அவிழ்த்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. சோளக்காடு, யானைக் காவலுக்குப் போட்ட பரண், தூரத்தில் தேவாரத்து வீடுகள். ஜக்கையன் சேலையைச் சுருட்டிக்கொண்டு, அவள் நன்றி சொல்வதற்குள் திரும்பி நடந்துவிட்டான். வரைபடத்தைத் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. குருவம்மாள்தான் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக் கூட்டிப்போய்ப் பஸ்சில் உட்கார வைத்தாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து நடந்துக்கங்க டீச்சரம்மா" என்றாள். அது காலைப் பற்றிச் சொன்னதா என்று சந்திரவல்லிக்குச் சந்தேகமாக இருந்தது.

மதுரைக்கு வந்து கட்டுரை எழுதினாள். ஓடை பிரியும் இடத்தில் தன் நடை முடிந்துவிட்டது, கால் பிசகிவிட்டது என்று எழுதினாள். அது உண்மைதான். வலது பக்கம் புதர் மூடிக் கிடக்கிறது, நுழைய வழியில்லை என்று எழுதினாள். அது பொய். மாயாண்டி வழி தெரியாமல் தவறியிருக்கலாம், அவன் வேண்டுமென்று கெடுத்தான் என்பதற்கு ஹார்ட்டனின் கோபத்தைத் தவிர ஆதாரம் இல்லை என்றும் எழுதினாள். அதுவும் பொய். வேண்டுமென்றுதான் செய்தான் என்று அவளுக்கு இப்போது தெரியும். சித்திரையில் கட்டுரை ஒரு மாதப் பத்திரிகையில் வந்தது. தலைமை ஆசிரியை பாராட்டினார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், யாரோ பார்க்க வந்திருப்பதாக வாட்ச்மேன் வேலுச்சாமி வந்து சொன்னார். பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் குருவம்மாள் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"பாரஸ்ட்டுக்காரக குழியில வந்து செடி எல்லாத்தையும் பிடுங்கிட்டாக" என்றாள். "குடிசையப் பிரிச்சுப் போட்டுட்டாக. தம்பியப் பிடிச்சு உள்ள வச்சிருக்காக. நீங்கதான?"

"நான் இல்லக்கா."

"பின்ன யாரு? இத்தன வருசமா வராதவுக, நீங்க வந்துட்டுப் போன பொறவு எப்பிடி வந்தாக?"

சந்திரவல்லி உள்ளே ஓடிப்போய்ப் பத்திரிகையை எடுத்துவந்தாள். பக்கத்தைப் புரட்டி, "கேளுங்க, நான் என்ன எழுதியிருக்கேன்னு வாசிக்கிறேன்" என்றாள்.

குருவம்மாள் கையால் தடுத்தாள். "நீங்க எழுதுனத நீங்களே வாசிச்சா? எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்க என்ன வாசிச்சாலும் நான் கேட்டுக்கிரணும்." பிறகு வேலுச்சாமியைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க படிப்பீகளா?"

வேலுச்சாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். சந்திரவல்லி கைகட்டி நின்றாள், பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி. வலது பக்கம் புதர் மூடிக் கிடக்கிறது என்ற இடத்தில் குருவம்மாள், "இன்னொருக்கா வாசிங்க" என்றாள். அவர் மறுபடி வாசித்தார்.

"அப்ப கன்னையனா?" என்று குருவம்மாள் தனக்குத்தானே கேட்டாள். "ராக்குவுக்கும் அவனுக்கும் காய் விசயமாச் சண்டை வந்துச்சு..."

"தெரியலக்கா. தெரியாம யாரையும் சொல்ல வேண்டாம்."

"ஆமா. உங்களயும் தெரியாமத்தான் சொன்னேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். ஜக்கையனை வெளியே எடுக்க ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். நிலமோ சம்பளமோ உள்ள ஆள்தான் போட முடியுமாம். தங்கள் சனத்தில் அப்படி யாரும் இல்லை. "நீங்க காட்டிக் குடுத்திருந்தா ஒங்ககிட்ட எப்பிடிக் கேக்குறது? அதான் மொத அதக் கேட்டேன்."

காரியத்துக்காகத்தான் குற்றம் சாட்டினாளோ என்று சந்திரவல்லிக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படியே இருந்தாலும் என்ன என்று அடுத்த கணம் தோன்றியது. சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் கத்தினார். முன்பின் தெரியாத மலைக்காரனுக்கு ஜாமீனா, அவன் ராத்திரியோடு ராத்திரியாகக் கேரளாவுக்கு ஓடிவிட்டால் கோர்ட்டில் நீதான் நிற்க வேண்டும் என்றார். அவள் லீவு போட்டுவிட்டு உத்தமபாளையத்துக்குப் போனாள்.

கோர்ட்டு வராந்தாவில் ஜக்கையன் போலீஸ்காரர் பக்கத்தில் குந்தியிருந்தான். இளைத்துப்போயிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"நீங்க சொல்லலேன்னு அக்கா சொல்லுச்சு" என்றான்.

"ஆமா. சொல்லல."

"சொல்லாதவுக எதுக்கு வந்தீக? ஒங்களுக்கும் எங்களுக்கும் என்ன?"

குற்றம் செய்தவள்தான் பரிகாரம் தேடி வருவாள் என்று அவன் நினைக்கிறான். அந்த இடத்தில் தான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாள். "குருவம்மாக்கா கூப்பிட்டாங்க, வந்தேன்" என்று மட்டும் சொன்னாள். கையெழுத்துப் போட்டாள். அவனை விட்டார்கள். அவன் வேட்டியைத் தட்டிக்கொண்டு, அக்காவோடு பஸ்சுக்குப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில் கூலிக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டாள். அடுத்த வாய்தா நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கம் கெட்டது. அண்ணன் காலண்டரைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தார். வாய்தா நாளன்று அவள் பள்ளிக்கூடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறினாள். கோர்ட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு ஜவுளிக்கடை நிழலில் ஒதுங்கி நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜக்கையன் அவளுக்கு முன்பே வந்திருந்தான். எங்கிருந்து பார்த்தானோ தெரியவில்லை, ரோட்டைத் தாண்டி நேராக அவளிடம் வந்தான்.

"வந்திருக்கேனான்னு பாக்க வந்தீகளா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. "ஆமா" என்றாள்.

அவன் கோபப்படவில்லை. "பாத்துட்டீகல்ல?" என்றான். "வெயிலு ஏறுது. மதுர வண்டி இப்பக் கெளம்பிரும், போங்க. அடுத்த வாய்தாவுக்கு நீங்க வர வேண்டாம். நான் வந்துருவேன்."

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். அவன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் மடித்துக்கொண்டு படியேறினான். வழக்கு இரண்டு வருஷம் இழுத்து அபராதத்தோடு முடிந்தது. சந்திரவல்லி அதற்குப் பிறகு ஒரு வாய்தாவுக்கும் போகவில்லை. அவன் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.